ஏழுமலை கழுவிய பொடி

போன மாதம் நிர்மலா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நான் ஓய்வு பெறும் சமயத்தில் புதிதாக வந்து சேர்ந்தவள். பழைய மெஷின் ஏதாவது மக்கர் பண்ணினால்தான் அவளுக்கு என் ஞாபகம் வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த மட்டுக்கும் வருகிறதே.

"சார், பழைய ஸ்டோரைக் காலி பண்றோம். அலமாரிக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி பாட்டில் கிடைச்சுது. உள்ள லேசான பழுப்புல ஒரு பொடி. மேல 'ஏழுமலை கழுவியது'ன்னு தமிழ்ல எழுதியிருக்கு. எந்தக் கம்பெனி சரக்கு சார் இது? நெட்ல தேடிப் பார்த்தேன், கோவிலா வருது."

நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது சரக்கோட பேர் இல்லம்மா, ஆளோட பேர். தூக்கிப் போட்டுடாதே."

"போடவும் முடியாது சார். ஃப்ளூரின் இருக்கற பிளாஸ்டிக் எதையும் இப்ப சும்மா குப்பையில போடக் கூடாது. எது என்னன்னு எழுதி, தனியா அழிக்க அனுப்பணும். அதனால அந்தப் பொடி என்னன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவளுக்குத் தேவையானதை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். மீதி இது.

என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருவொற்றியூர்க்காரன், பெயர் டில்லிபாபு, படிப்பு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எண்ணூர் போகும் சாலையில் கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆய்வாளனாகச் சேர்ந்தேன், அங்கேயே தலை நரைத்தேன். பயிற்சிக் காலத்தில் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். பியூரெட் என்கிற அளவுக் குழாயைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். படித்ததை மாற்றி எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. முதலாவது ஒரே நாளில் வந்துவிட்டது.

கம்பெனியில் நாங்கள் செய்தது எஸ்டர். பிளாஸ்டிக்கை வளைய வைக்கவும் பெயின்டுக்கும் போகிற எண்ணெய் மாதிரியான திரவம். ஆல்கஹாலையும் ஒரு அமிலத்தையும் பெரிய கெட்டிலில் போட்டுக் காய்ச்ச வேண்டும். அவை இரண்டும் சீக்கிரம் சேருவதற்காகக் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். சேர்ந்த பிறகு அந்தக் கந்தக அமிலம் வேண்டாத விருந்தாளி. அதைப் போக்க சோடாக் கரைசலால் கழுவ வேண்டும். சோடா என்றால் குடிக்கிற சோடா இல்லை, சலவை சோடா. கழுவிய தண்ணீர் கறுப்பாக, நாற்றத்தோடு வெளியேறும். முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன்காரர்கள் கேட்டுக்கு வந்து கத்திவிட்டுப் போவதும், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவதும் அடிக்கடி நடந்தது. கத்தியவர்கள் மேல் தப்பு சொல்ல என்னால் முடிந்ததில்லை.

சோடா எங்களுக்குக் கழுவுவதற்கு மட்டும் இல்லை. அது எங்கள் காப்பு. அமிலம் போகிற இடத்தில் எல்லாம் ஒரு நீல டிரம் நிறைய சோடாக் கரைசல் இருக்கும். அதன் காதில் சங்கிலி போட்ட ஒரு மக் தொங்கும். எந்த வடிகட்டியைத் திறந்தாலும், எந்தக் குழாயைக் கழற்றினாலும், முதலில் சோடா ஊற்ற வேண்டும். பிறகு அமிலம் பட்டால் சிவக்கிற லிட்மஸ் தாளைக் காட்ட வேண்டும். தாள் நீலமாக நின்றால்தான் ஸ்பானரைத் தொடலாம். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் பாடமே இதுதான்.

இந்தப் பாடத்தை, பாட்டிலில் பெயர் இருக்கிற அந்தத் தொழிலாளி ஏழுமலையை விட நன்றாகச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. காரணம் அவன் வலது முன்கையில் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் யாரோ சோடா போடாமல் திறந்த வடிகட்டியிலிருந்து அமிலம் தெறித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் போயிருந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்காரன், ஒரு காலத்தில் கால்பந்தில் நல்ல கோல்கீப்பர். அந்தக் கை அதற்கப்புறம் சரியாக நீளவில்லை, ஆட்டத்தை விட்டுவிட்டான். கேட்டு வாங்கிக்கொண்டு சோடா கழுவும் பிரிவுக்குப் போனான். மற்றவர்கள் சட்டைப் பையில் பீடிக் கட்டு இருக்கும், அவன் பையில் லிட்மஸ் தாள் இருக்கும். அமிலப் பாட்டில் பக்கம் போக மாட்டான்.

சென்னைக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்த அந்த வருடங்களில்தான் பிலோமினா மேடம் எங்கள் கம்பெனிக்கு வந்தார். ராயபுரத்துக்காரர். ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவி. ஆய்வுக்கூடம் அவருக்குக் கீழே வந்தது, அதனால் எனக்கும் அவர்தான் அதிகாரி. கேட் பெருக்குபவரிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் ஒரே 'நீங்க'தான். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார், அவ்வளவுதான். அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஏதாவது கோளாறு என்று போய் நின்றால், உட்கார வைத்து விசாரிக்க மாட்டார். கோளாறு நடந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "சொல்லாதீங்க, கையால செஞ்சு காட்டுங்க" என்பார். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. படித்த மனுஷன், வாயால் சொல்ல மாட்டேனா? செய்து காட்டும்போதுதான் தெரியும், நாம் சொல்வதும் செய்வதும் வேறு வேறு என்று.

கந்தக அமிலத்துக்குப் பதிலாக அவர் கொண்டுவந்ததுதான் அந்தப் பொடி. பெர்ஃப்ளூரினேட்டட் சல்ஃபோனிக் ஆசிட் பாலிமர் என்பது அதன் முழுப் பெயர். வாயில் நுழைகிற பெயரா இது? எங்கள் ஆட்கள் வெள்ளைப் பொடி என்று வைத்துவிட்டார்கள். முதல் நாள் மேடம் அதைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, சுற்றி நின்ற எல்லோருக்கும் சொன்னார்.

"தோசை ஒட்டாத தவா இருக்கில்ல, அதுல பூசற பிளாஸ்டிக்குக்கு இது தம்பி. சூட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் அசைஞ்சு குடுக்காது. இந்தப் பிளாஸ்டிக்ல அங்கங்க கந்தக அமிலத்தோட கையை மட்டும் கட்டி வெச்சிருக்காங்க. கை வேலை செய்யும், ஆனா கரைஞ்சு ஓடாது. வேலை முடிஞ்சதும் வடிகட்டி எடுத்து அடுத்த தடவைக்குப் போட்டுக்கலாம்."

"அப்போ சோடாவே வாணாமா மேடம்?" என்று கேட்டான் ஏழுமலை.

"வேணாம். கறுப்புத் தண்ணியும் வராது."

"அப்போ சோடா கழுவற நாங்க இன்னா பண்றது?"

அவன் யூனியன் கமிட்டியில் இருந்தவன். கேட்டில் நடந்த கூட்டத்திலும் மைக் பிடித்து இதையேதான் கேட்டிருந்தான். மேடம் மழுப்பவில்லை. "எனக்குத் தெரியலை ஏழுமலை. கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டார். ஒருவரையும் வெளியே அனுப்ப மாட்டோம், வடிகட்டும் பிரிவுக்கு மாற்றிக்கொள்வோம் என்று ஜி.எம். வாயால் சொல்ல வைத்துவிட்டு வந்தார். வந்த கையோடு ஏழுமலையைத் தன் சோதனைக் குழுவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் அவன் என்று கேட்டதற்கு, "பயப்படற ஆள்தான் எனக்கு வேணும்" என்றார்.

பொடி போட்டுச் செய்த முதல் காய்ச்சல்கள் அருமையாகப் போயின. கெட்டிலிலிருந்து மாதிரி எடுத்து வந்து அதில் எவ்வளவு அமிலம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அந்த எண் இறங்க இறங்க எஸ்டர் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கந்தக அமிலத்தில் காய்ச்சினால் டீ டிகாக்ஷன் நிறத்தில் வருகிற எஸ்டர், பொடியில் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. மேடம் அதை ஒரு குப்பியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் சமோசா.

பிறகு ஒரு காய்ச்சலில் எண் இறங்கவில்லை. மாதிரி மேல் மாதிரியாகப் பார்த்தேன். ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே நின்றது. என் கரைசல் கெட்டுவிட்டதோ என்று புதிதாகத் தயாரித்துப் பார்த்தேன், அதே எண். மேடத்திடம் போனேன். அவர் கெட்டிலிலிருந்து கொஞ்சம் பொடியை எடுத்து வரச் சொன்னார்.

"உப்புத் தண்ணியில போட்டுப் பாருங்க டில்லிபாபு."

அந்தச் சோதனையை நான் சொல்லியாக வேண்டும், மீதிக் கதை அதன் மேல்தான் நிற்கிறது. பொடியில் இருக்கிற ஒவ்வொரு அமிலக் கையும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஹைட்ரஜன்தான் வேலைக்காரன். பொடியை உப்புக் கரைசலில் போட்டுக் கலக்கினால், கை உப்பிலிருக்கிற சோடியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனைத் தண்ணீரில் விட்டுவிடும். தண்ணீர் அமிலமாகும். அதில் நிறம் காட்டுகிற பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தை முறிக்கிற காஸ்டிக் கரைசலைச் சொட்ட வேண்டும். அமிலம் இருக்கிற வரை, சொட்டு விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் வந்து உடனே மறையும். அமிலம் தீர்ந்ததும் நிறம் மறையாமல் நிற்கும். பொடிக்கு எவ்வளவு தெம்பு என்பது அதுவரை விட்ட காஸ்டிக்கின் அளவில் தெரியும்.

நான் சொட்டினேன். முதல் சொட்டிலேயே குடுவை முழுவதும் ரோஸ். மறையவே இல்லை.

"செத்துப் போச்சா மேடம்?"

"சாகலை. ஏற்கனவே எங்கேயோ சோடியத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சலவை சோடாவில் இருப்பது சோடியம்தான், எங்கே என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய காய்ச்சலில் வடிகட்டி அடைத்துக்கொண்டு, ஏழுமலைதான் அதைத் திறந்து பொடியை எடுத்திருந்தான். கேட்டதும் சொல்லிவிட்டான்.

"ஆமா, நான்தான் சோடா போட்டேன். ஆல்கஹால் ஊத்திக் கழுவுன்னு எழுதியிருந்துச்சு, கழுவினேன். அப்பால தண்ணி தொட்டு லிட்மஸ் காட்டினா செவப்பு. செவப்பா கீதுன்னா எப்டி தொறக்கறது? சோடா ஊத்தினேன். நொரைச்சுது. உள்ள ஆசிட் கீதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீலம் வர்ற வரைக்கும் ஊத்திட்டுதான் தொறந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொடியே அமிலம், லிட்மஸ் சிவக்காமல் வேறு என்ன செய்யும்? எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம் பொடியைத் தீர்த்துக் கட்டிவிட்டது.

ஜி.எம்.முக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து கெஞ்சி வாங்கிய சரக்கு, தங்க விலை, கையிருப்பு மொத்தமும் அந்தக் கெட்டிலில். பொடி ஜெயித்தால் சோடாப் பிரிவுக்கு வேலை இல்லை. கேட்டில் மைக் பிடித்துப் பேசிய அதே ஆள் பொடியில் சோடாவைக் கொட்டியிருக்கிறான். அவருக்கு இந்தக் கணக்கு சரியாக வந்துவிட்டது. வேண்டுமென்றே நாசம் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுதி, ஏழுமலையைச் சஸ்பெண்ட் செய்தார். நாசவேலை என்று முடிவானால் வேலை போகும், சேர்ந்த பணமும் சிக்கலாகும், பக்கத்துக் கம்பெனி எதுவும் உள்ளே சேர்க்காது. ஏழுமலையின் பெண்ணுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. யூனியன் செயலாளரே, "போட்டேன்னு ஏம்பா ஒத்துக்கினே?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"போட்டத போட்டேன்னுதானே சொல்லணும்" என்றான் அவன்.

விசாரணையை அலுவலக அறையில் வைத்திருந்தார்கள். மேடம் வந்து, வடிகட்டி இருக்கிற இடத்தில்தான் நடத்த வேண்டும் என்று நின்றார். ஜி.எம். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார். பர்சனல் ஆபீசர், யூனியன் செயலாளர், நான், எல்லோரும் காலி வடிகட்டியைச் சுற்றி நின்றோம்.

"சொல்லாதீங்க ஏழுமலை. அன்னிக்கு செஞ்சதைக் கையால செஞ்சு காட்டுங்க."

அவன் வால்வை மூடினான். அழுத்தம் காட்டுகிற கேஜைத் தட்டிப் பார்த்தான். ஆல்கஹால் குழாயைத் திறப்பதுபோல் திறந்தான். கீழே இருக்கிற வடிகால் குழாயைத் திறந்து, பையிலிருந்து லிட்மஸ் தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்தான். அந்த நேரம் பார்த்து பர்சனல் ஆபீசர் குறுக்கே கேட்டார்.

"அப்ப உன்கூட யார் இருந்தாங்க? சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா இல்லியா?"

"சூப்பர்வைசர் டிபனுக்குப் போயிருந்தாரு சார். நான் தனியாத்தான் இருந்தேன். சொல்லலாம்னு பாத்தா..." என்று அவரைத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான் ஏழுமலை. அவன் வலது கை அதன் பாட்டுக்குப் போய் மக்கை எடுத்து, நீல டிரம்மில் முக்கி, காலி வடிகட்டிக்குள் சோடாவை ஊற்றியது. ஒரு மக், இன்னொரு மக். திறந்திருந்த வடிகால் குழாய் வழியாகச் சோடா கொட்டி ஜி.எம்.மின் பூட்ஸை நனைத்தது. அவர் துள்ளிப் பின்னால் போனார். அப்போதுதான் ஏழுமலை தன் கையில் மக் இருப்பதைப் பார்த்தான்.

"பாத்தீங்களா சார்?" என்றார் மேடம். "உள்ள ஒன்னுமில்லைன்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் கை போகுது. இத்தனை வருஷமா சோடா போடு, சோடா போடுன்னு இந்தக் கைக்கு நாமதான் சொல்லிக் குடுத்தோம். பொடிக்கு சோடா போடாதேன்னு நான் ஒரு வரி எழுதலை. தப்பு எழுதினவங்க மேல."

ஜி.எம். கைக்குட்டையால் பூட்ஸைத் துடைத்தார். "வேணும்னு செஞ்சானோ இல்லையோ, பொடி போயிடுச்சு. வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றார். அவர்கிட்ட நான் ஒரு பேர் சொல்லணும்."

"பொடி போகலை. சோடியம் ஏறியிருக்கு, இறக்கிடலாம்."

"இறக்கிக் காட்டுங்க. இல்லேன்னா டிஸ்மிஸ் ஆர்டர்தான்."

"இறக்கறேன். ஆனா அவர்தான் கழுவணும். சஸ்பென்ஷன்ல இருந்தாலும் என் ஆய்வுக்கூடத்துக்குள்ள விடணும்."

எனக்கு இது வீம்பாகப் பட்டது. நாங்கள் இருவரே செய்திருக்கலாம், அவனைப் போய் இதில் இழுப்பானேன்? வெளியே வந்ததும் கேட்டேன். "நாம கழுவிக் குடுத்தா, அவன் கெடுத்தான், இவங்க காப்பாத்தினாங்கன்னு சொல்வாங்க டில்லிபாபு. கடைசி வரைக்கும் அவர் பேர் கெடுத்தவர்தான்" என்றார்.

சோடியத்தை இறக்க ஒரே வழி, பொடியைத் திரும்ப அமிலத்தில் போடுவது. அமிலப் பாட்டிலைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ஆள் இப்போது அதை ஊற்ற வேண்டும். ஏழுமலை வந்து நின்றான். கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, முழங்கை வரை ரப்பர் உறையும் போட்டுவிட்டோம். அப்படியும் முகம் வெளுத்திருந்தது.

முதலில் பொடியில் ஒட்டியிருந்த ஆல்கஹாலைப் போக்க வேண்டியிருந்தது. காய்ச்சிக் காய்ச்சிப் பொடி பழுப்பேறியிருந்தது, அந்த நிறம் போவதற்கு நைட்ரிக் அமிலத்தில் கழுவலாமே என்றேன் நான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஆல்கஹாலும் நைட்ரிக்கும் சேர்ந்தா என்ன ஆகும் டில்லிபாபு?" வெடிக்கும். நிறம் பழுப்பாகவே இருக்கட்டும் என்று, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே எடுத்தோம்.

"டில்லி, நீ ஊத்துடா. நான் கலக்கிகினு இருக்கேன்" என்றான் ஏழுமலை மெதுவாக.

மேடத்துக்குக் கேட்டுவிட்டது. "நீங்கதான் ஊத்தறீங்க. தண்ணி ஏற்கனவே உள்ள இருக்கு. அமிலத்தைப் பாத்திரத்தோட ஓரமா, மெதுவா. அவசரம் ஒன்னுமில்ல."

பாட்டிலைத் தூக்கினான். பாட்டிலின் வாய் பாத்திரத்தின் விளிம்பில் டிக்டிக்கென்று தட்டியது. இறக்கி வைத்தான். பெருமூச்சு விட்டான். நான் உதவப் போனேன், மேடம் கண்ணால் தடுத்தார். மறுபடி தூக்கினான். இந்தத் தடவை ஊற்றினான். அந்த நேரம் எனக்கு அவன் மேல் வந்த பிரியத்தை நான் அவனிடம் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

சூடுபடுத்திக் கலக்க வேண்டும், பொடி அடியில் படிய விட வேண்டும், மேலே நிற்கிற தண்ணீரை வடிக்க வேண்டும், புது அமிலம் ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் எல்லாச் சோடியமும் இறங்காது. நெரிசல் பஸ்ஸில் பின்னாலிருந்து தள்ளத் தள்ளத்தான் முன்னால் ஒருவர் இறங்குவார். அதே மாதிரி. நாலாவது ஐந்தாவது தடவைக்குள் பாட்டில் விளிம்பில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. ஏழுமலைக்கே அது தெரியவில்லை.

அடுத்தது, பொடியில் ஒட்டியிருக்கிற அமிலத்தைச் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். இங்கேதான் மாட்டிக்கொண்டோம். கனிமம் நீக்கிய தண்ணீரைத் தயாரிக்கிற எங்கள் யூனிட், தண்ணீர்ப் பஞ்சத்தில் நின்றுபோயிருந்தது. ஏழுமலை ஒரு வாளி லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து, "தெளிவாத்தான் கீது மேடம்" என்றான். மேடம் அதில் கொஞ்சம் எடுத்து சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

"இவ்வளவு உப்பு இருக்கு. இதுல கழுவினா, இறக்கின சோடியத்தை நாமளே திரும்ப ஏத்தி வெச்ச மாதிரி. இந்தப் பால் வராத தண்ணி வேணும்."

பக்கத்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்ட தண்ணீர் இருந்தது, தரவும் ஒத்துக்கொண்டார்கள். கொண்டுவர வண்டி இல்லை. கம்பெனி வேன் டைரக்டரை வரவேற்கும் ஏற்பாட்டில் இருந்தது. ஏழுமலை வெளியே போய் போன் போட்டான். வியாசர்பாடியிலிருந்து அவனோடு பந்து விளையாடிய தோஸ்துகள் இரண்டு பேர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்துவிட்டார்கள். மீன் வாசனை போக வண்டியைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கேன்களை ஏற்றி வந்து நின்றபோது எங்கள் கேட் செக்யூரிட்டி உள்ளே விட மறுத்தான்.

"தண்ணி கொண்டாந்தவன உள்ள வுட மாட்டியா? மெட்ராஸ்ல எங்கனா இந்த அநியாயம் நடக்குமா?" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் மேடமே கேட்டுக்கு ஓடி வர வேண்டியதாயிற்று.

ஏழுமலை கழுவினான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிச்சம் இருந்தாலும் அதே பால் வரும் என்பதால், ஒவ்வொரு கழுவலுக்கும் வடித்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தான். முதலில் தயிர், பிறகு பால், பிறகு மோர், பிறகு மூட்டமான தண்ணீர். கடைசியில் ஒன்றுமே வரவில்லை. அவன் நம்பாமல் இன்னொரு தடவை கழுவிப் பார்த்தான். பிறகு பொடியை வெற்றிட அடுப்பில் உலர வைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை, டைரக்டர் வருவதற்கு முன், ஜி.எம். ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஏழுமலை வாசற்படியில் நின்றான். உள்ளே வா என்றாலும் வரவில்லை. நான் பொடியை எடை போட்டு, உப்புக் கரைசலில் போட்டுக் கலக்கி, பினாப்தலீன் விட்டு, பியூரெட்டின் குமிழைத் திருகினேன்.

ஒரு சொட்டு. விழுந்த இடத்தில் ரோஸ் வந்தது. குடுவையை ஒரு சுழற்று சுழற்றினேன். போய்விட்டது.

இன்னொரு சொட்டு. வந்தது, போனது. நான் சொட்டிக்கொண்டே இருந்தேன். நிறம் வந்து வந்து மறைந்துகொண்டே இருந்தது. வாசலில் நின்றவன் எப்போது என் தோளுக்குப் பின்னால் வந்தான் என்று எனக்குத் தெரியாது, அவன் மூச்சு என் காதில் பட்டது. கடைசியாக நிறம் நின்றபோது அளவைப் படித்தேன். புதுப் பொடிக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. முழுசாக வரவில்லை, வந்தது என்று எழுதியிருந்தால் பொய்.

"இன்னொரு தடவை பண்ணுங்க" என்றார் ஜி.எம். பண்ணினேன். அதே அளவு. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. ஏழுமலைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமாவது கொடுத்தாக வேண்டும் என்றார் ஜி.எம். மேடம் விடவில்லை. "எச்சரிக்கை குடுக்கணும்னா செய்முறை எழுதின எனக்குக் குடுங்க" என்றார். அப்படிச் சொன்னால் ஜி.எம். வெட்கப்பட்டு விட்டுவிடுவார் என்று மேடம் நினைத்திருப்பார் போலிருக்கிறது. அந்த மனுஷன் நிஜமாகவே மேடத்துக்கு எச்சரிக்கை மெமோ கொடுத்தார். அந்த மெமோ அவருடைய ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பெனியின் மும்பை ஆராய்ச்சி மையத்தின் தலைமைப் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டுக்கொண்டிருந்தது, அந்தப் பேச்சு அதோடு நின்றது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஏழுமலைக்குச் சொல்லக் கூடாது என்று மேடம் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

பொடி பல வருடம் ஓடியது. கறுப்புத் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு தடவை பொடி களைத்துப் போகும்போதும் அமிலத்தில் கழுவித் தெம்பு ஏற்றுகிற வேலை ஏழுமலையுடையது. வேறு யாரையும் தொட விட மாட்டான். இடையில் அவனுக்கு வேறு பிளான்டில் ஃபோர்மேன் பதவி வந்தது. சம்பளமும் கூட, வீட்டுக்கும் பக்கம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நான் பிடித்துத் திட்டினேன். பைத்தியமாடா உனக்கு, ஒரு பொடிக்காகவா என்றேன். "அத்த வுடு டில்லி. இத்த யாரு கழுவறது?" என்றான். பொடி மேல் மோகம் வந்துவிட்டது என்று கேலி செய்தேன்.

மேடம் ஓய்வு பெற்றார். அடுத்து அவனும் ஓய்வு பெற்றான். பிறகு விலை குறைந்த வேறு ரெசின் மணிகள் வந்து, பொடி ஸ்டோருக்குப் போனது. மேடம் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த முதல் கழுவலில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்துப் பெயர் எழுதி வைத்திருப்பார் என்று நிர்மலா போன் செய்யும் வரை எனக்கும் தெரியாது.

நான் எழுதி அனுப்பிய அரைப் பக்கத்தின் கீழே, அழிக்க அனுப்புவதற்கு முன் உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு தடவை பார் என்று சேர்த்திருந்தேன். அடுத்த நாளே கூப்பிட்டாள்.

"நிறம் வந்து வந்து போகுது சார். இத்தனை வருஷம் கழிச்சும்."

உடனே ஏழுமலைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலில் அவன் பெயர் இருப்பதைச் சொன்னேன்.

"மேடம் கையெழுத்தா?" என்றான்.

"அவங்க கையெழுத்துதான்."

போனில் அவனுக்குப் பின்னால் பேரப் பிள்ளைகள் பந்து உதைக்கிற சத்தம் கேட்டது. மேடமே இல்லை, இனி என்ன வாக்கு என்று தோன்றியது. மெமோ கதையைச் சொல்லிவிட்டேன். மும்பைப் பதவி போனதையும் சேர்த்து.

"அது அப்பவே தெரியும் டில்லி" என்றான். "பர்சனல்ல பியூன் சொல்ட்டான்."

"தெரிஞ்சும் இத்தனை வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீ மட்டும் சொன்னியா? சரி, வுடு. ஃபோர்மேன் வேலைய வாணான்னு சொன்னேன்னு அன்னிக்கி அப்டித் திட்டினியே. நான் அந்தாண்ட போயிட்டு, இங்க வேற எவனாச்சும் பழக்க தோஷத்துல பொடியில சோடாவ ஊத்திட்டான்னு வெச்சிக்கோ. இன்னொரு மெமோவும் அந்தம்மாவுக்குத்தானே போவும்?"

அவனே மேலே பேசினான். பாட்டிலைக் கேட்க வேண்டாம், முறைப்படி அனுப்பட்டும், அதில் இருக்கிற லேபிளை மட்டும் நனைத்து மெதுவாக உரித்து எடுத்து வைக்கச் சொல் என்றான். லாரித் தண்ணீரில் நனைத்தாலும் பரவாயில்லையாம்.